அரிட்டாபட்டிக் குன்றுகளும் பார்வையிட வருவோரும்

மதுரை நகரத்திற்கு வடகிழக்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரத்தில், மேலூர்த் தாலூகாவைச் சேர்ந்த அரிட்டாபட்டி என்னும் கிராமம் ஏழு குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்வரை இவ்வூரின் பெயரை அக்கம்பக்கத்தாரும் கல்வெட்டு ஆராய்ச்சியாளரும் மட்டுமே அறிந்திருந்தனர். இன்றோ தமிழ்நாடெங்கும் அப்பெயர் தெரிந்துவிட்டது. பெயர் பரவியதன் பின் ஊரைக் காண ஜனங்கள் வருவது இயல்பு. அவ்விதம் வருவோரால் ஊருக்கு நன்மை விளையுமா, தீமை விளையுமா என்பது அவர்கள் வருமுன் ஊரார் செய்துவைக்கும் ஏற்பாட்டைப் பொறுத்தது. இத்தகைய குன்றும் கண்மாயும் பழஞ்சின்னமும் உள்ள கிராமங்கள் மதுரைச் சமவெளியில் பல இருத்தலால், இவ்விஷயம் ஓர் ஊரைப் பற்றியது மட்டும் அன்று.

குன்றும் கண்மாயும்

2022-ம் வருஷம் நவம்பர் மாதம் 22-ந் தேதி தமிழ்நாடு சர்க்கார் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரு கிராமங்களிலும் சேர்ந்த 193.42 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 478 ஏக்கர் பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தனர். தமிழ்நாட்டில் இவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் இடம் இதுவே. அறிவிப்பின்போது வெளியான விவரங்களின்படி, இப்பகுதியில் 200 இயற்கைச் சுனைகளும் 72 ஏரி கண்மாய்களும் 3 தடுப்பணைகளும் உள்ளன. ஏறக்குறைய 250 வகைப் பறவைகள் இங்கே காணப்படுகின்றன. அவற்றுள் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு ஆகிய மூன்றும் வேட்டைப் பறவைகள். அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு முதலிய பிராணிகளும் இங்கு உண்டு.

விவசாயி முதலாவதாகக் கவனிக்க வேண்டியது குன்றுக்கும் வயலுக்கும் உள்ள சம்பந்தமேயாகும். பாறையின் மேல் பெய்யும் மழை சிறிது சுனைகளில் தங்குகிறது. மிகுதி ஓடையாக வழிந்து, வரத்துக்கால் வழியே கண்மாயை அடைகிறது. மேல் கண்மாய் நிறைந்தபின் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து கீழ் கண்மாய்க்குச் செல்கிறது. மடை திறந்தால் வயலுக்குத் தண்ணீர், கிணறுகளுக்கு ஊற்று. பாண்டியர் காலத்ததாகக் கூறப்படும் ஆனைகொண்டான் கண்மாய் இம்முறையில் பயன்பட்டு வருவதே. குன்றைச் சிதைத்தால் வரத்துக்கால் கெடும். வரத்துக்கால் கெட்டால் கண்மாய் வறளும். கண்மாய் வறண்டால் வயல் தரிசாகும். எனவே அந்த 478 ஏக்கரும் வேடிக்கை பார்ப்பதற்கான வெறும் பாறை அல்ல. கீழே உள்ள நன்செய்க்கெல்லாம் அதுவே தண்ணீர்ப் பண்டாரம்.

பறவைகளும் பிராணிகளும் பயிருக்கு அந்நியமானவை அல்ல. வேட்டைப் பறவைகளும் ஆந்தைகளும் வரப்பு எலிகளைக் குறைக்கின்றன. அழுங்கு எறும்பையும் கரையானையும் தின்று ஜீவிப்பது.

கல்வெட்டு ஒப்படைத்த காவல்

கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் தமிழ் பிராமி எழுத்தில் இரண்டு கல்வெட்டுக்கள் உள்ளன. ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட இவற்றில் நெல்வேலி, இலஞ்சி என்னும் ஊர்ப் பெயர்கள் காணப்படுகின்றன. அக்காலத்திலேயே வெளியூர்ப் பெரியோர் இக்குன்றிற்குத் தொடர்புடையவராயிருந்து, துறவிகள் தங்குவதற்குக் குகைத்தளம் செய்வித்துக் கொடுத்தனர் என்பது இதனால் விளங்குகிறது. வெளியூரார் வருகை இம்மலைக்குப் புதிதன்று. ஆனால் அன்று வந்தவர்கள் கொடுத்துச் சென்றார்கள்.

அதே மலையில் ஒரு தீர்த்தங்கரர் திருவுருவமும், அதன் கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டும் பிற்காலத்தில் செதுக்கப்பட்டன. அச்சணந்தி என்னும் சமண முனிவர் அத்திருமேனியைச் செய்வித்ததையும், பாதிரிக்குடியார் அதனைக் காப்பதற்குப் பொறுப்பாளர் என்பதையும் அக்கல்வெட்டு தெரிவிக்கிறது. காவல் யாதோர் அரசனிடத்திலும் ஒப்புவிக்கப்படவில்லை. ஊரார் கையில் விடப்பட்டது. இக்குன்றுகளிடையே பாண்டியர் குடைவித்த சிவன் குடைவரைக் கோயிலும் உண்டு. அதிலுள்ள இலகுலீசர் சிற்பம் தமிழ்நாட்டில் அரிதாகக் காணப்படும் வகையைச் சேர்ந்தது.

வந்த ஆபத்தும் விலகிய விதமும்

மேலூர் வட்டாரத்து விவசாயிகளுக்குக் கல் வெட்டும் தொழிலின் விளைவு தெரியாததன்று. கிரானைட் குவாரிகளில் நடந்த முறைகேடுகள் 2012-ம் வருஷத்தில் வெளியாயின. 2014-ல் சென்னை ஹைக்கோர்ட்டு ஸ்ரீ உ. சகாயம் அவர்களை விசாரணைக்கு நியமித்தது. அவரது அறிக்கை 2015-ல் சமர்ப்பிக்கப்பட்டது. குன்றுகள் குழிகளானதையும், கண்மாய்களிலும் வாய்க்கால்களிலும் கல் குவிக்கப்பட்டதையும் இவ்வட்டாரத்தார் தம் கண்ணாலேயே கண்டவர்கள்.

ஆகையால், 2024 நவம்பர் 7-ந் தேதி நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கப் பகுதி ஏலத்தில் விடப்பட்ட செய்தி வெளியானபோது ஊர்கள் உடனே விழித்துக்கொண்டன. அப்பகுதியின் பரப்பு 2,015.51 ஹெக்டேர், அதாவது 5,000 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அரிட்டாபட்டிப் பாரம்பரியத் தலமும் அதனுள் அடங்கியிருந்தது. அம்மாதத்திலேயே கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானங்களை நிறைவேற்றின. டிசம்பர் 9-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையும் தீர்மானம் செய்தது. 2025 ஜனவரி 7-ந் தேதி விவசாயிகள் பெருந்திரளாக மதுரையை நோக்கி நடைப்பயணம் சென்றனர். ஜனவரி 23-ந் தேதி மத்திய சர்க்கார் அந்த ஏலத்தை ரத்து செய்தனர்.

இவ்வெற்றியில் ஒரு பாடம் உண்டு. ஊர் ஒன்றுகூடித் தீர்மானம் செய்ததும், அத்தலத்தின் சிறப்பு முன்னமே எழுத்தில் பதிவாகியிருந்ததும் சேர்ந்தே பலன் தந்தன. வேண்டாததை விலக்குவதற்கு வேண்டியிருந்த அதே ஒற்றுமை, வேண்டியதை ஒழுங்காக அமைப்பதற்கும் வேண்டும்.

ஓசையில்லாத மற்றோர் ஆபத்து

சுரங்கம் வெடி முழக்கத்துடன் வருவது, யாவரும் அறிவர். வரம்பில்லாத கூட்டமோ சிறிது சிறிதாகக் கெடுக்கும். குகைத்தளத்தில் ஒருவர் தம் பெயரைக் கீறினால், இரண்டாயிரம் ஆண்டு நின்ற எழுத்து ஒரு நொடியில் பாழாகிறது. தென்னாட்டில் பல பழஞ்சின்னங்களுக்கு இக்கதி நேர்ந்திருக்கிறது. சுனையில் எறியப்படும் பிளாஸ்டிக் பைகள் மழையில் அடித்துவரப்பட்டு மடைவாயை அடைக்கும். மேய்ச்சல் மாடு அவற்றைத் தின்று மடிவதும் உண்டு. மலை முழைஞ்சுகளில் கூடு கட்டும் வல்லூறுகள், கூச்சலும் பறக்கும் காமிராக் கருவியும் நெருங்கினால், முட்டையை விட்டு அகன்றுவிடும்.

இவை எல்லாவற்றிலும் விவசாயிக்கு நேரான நஷ்டம் பாதையினால் வருவது. மோட்டார்கள் வருவதற்கென்று ஓடையின் குறுக்கே மண்ணைக் கொட்டி, கீழே குழாய்ப் பாலம் வைக்காமல் பாதை போட்டால், அவ்வருஷமே கண்மாய்க்கு வரத்துக் குறையும். கண்மாய்க் கரையிலும் நீர்பிடிப்பிலும் வண்டிகளை நிறுத்தினால் கரை தளர்ந்து, மண் இறுகும். ஊரின் நிலம் வெளியாரால் தங்கும் விடுதிகளுக்கென்று வாங்கப்பட்டு, ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டால், அண்டைக் கிணறுகள் வற்றும். பின்னர் வருவோரும் குறைந்துவிடுவர். ஏனெனில் அவர்கள் காண வந்த பொருள் இராது.

இதற்குப் பயந்து வழியை அடைத்துவிடுவதும் சரியன்று. 2010 முதல் பசுமை நடை என்னும் குழுவினர் மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு ஜனங்களை அழைத்துச் சென்று, அவற்றின் வரலாற்றை விளக்கி வந்திருக்கின்றனர். ஓர் இடத்தைக் கண்டறிந்தவர்கள் பலராயிருந்தால், அதற்குத் தீங்கு வரும் காலத்தில் குரல் கொடுப்போரும் பலராவர்.

பிற இடங்களின் அனுபவம்

அண்டை ஜில்லாவாகிய சிவகங்கையில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977-ல் அமைக்கப்பட்டது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி ஊரார் பறவைகள் வெருளாதிருக்கும் பொருட்டுத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. செங்கல்பட்டு ஜில்லா வேடந்தாங்கலிலோ இக்காவல் இன்னும் பழமையானது. ஊராரின் முறையீட்டின்பேரில் 1798-லேயே கலெக்டர் அப்பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக்கொடுத்ததாகப் பதிவு உள்ளது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாவதை அவ்வூரார் அறிந்திருந்தனர். பயிரின் நலமும் பறவையின் நலமும் ஒன்றாயிருந்ததனால், காவலும் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது.

மேலூர்ப் பாசன நிலங்களுக்குத் தண்ணீர் தரும் பெரியாற்று அணைக்கருகே, மலைக்கு அப்பால் தேக்கடி இருக்கிறது. அங்கே 1996-ல் தொடங்கிய அபிவிருத்தித் திட்டத்தில், முன்பு களவாக வேட்டையாடியும் மரப்பட்டை உரித்தும் ஜீவித்தவர்கள் சிலர் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் அமர்த்தப்பட்டனர். காட்டின் மூலை முடுக்கெல்லாம் அறிந்தவர்களாதலால் அவர்களே சிறந்த காவலராயினர்.

கேரளத்தில் குமரகம் என்னும் ஊரில் 2008-ல் மற்றொரு முறை அனுசரிக்கப்பட்டது. அங்குள்ள பெரிய ஹோட்டல்கள் காய்கறி முதலியவற்றை வெளியிலிருந்து தருவிப்பதைக் குறைத்து, உள்ளூர் விவசாயிகளிடமும் மாதர் சங்கங்களிடமும் வாங்கும்படி பஞ்சாயத்தின் முன்னிலையில் ஏற்பாடு செய்யப்பட்டது. அதனால் தரிசு கிடந்த வயல்கள் சிலவும் மறுபடி பயிராயின. சுற்றுலா ஊருக்குப் பயன்படுவதென்றால், வருவோர் செலவிடும் பணம் ஊரிலேயே தங்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

கிராமம் செய்யத்தக்க ஏற்பாடுகள்

2002-ம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். ஊரின் செடி கொடி, பிராணிகள், பழைய விதை ரகங்கள் முதலியவற்றை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதிவைப்பது இக்குழுவின் வேலை. இதற்கென ஒரு நிதியும் சட்டத்தில் குறிக்கப்பட்டுள்ளது. கீழ்க்கண்ட ஏற்பாடுகளை இக்குழுவின் வழியாகக் கிராம சபை தீர்மானித்து நடத்தலாம்.

முதலாவது, படம் வரைதல். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள புலப்படத்தை வைத்துக்கொண்டு ஓடை, வரத்துக்கால், சுனை, கலுங்கு, மேய்ச்சல் இடம், குலதெய்வக் கோயில், கூடு கட்டும் பாறை ஆகியவற்றை ஊர்ப் பெரியோரைக் கேட்டுக் குறிக்க வேண்டும். இவற்றின்மேல் பாதையோ கட்டடமோ வரலாகாது என்று முதலில் தீர்மானித்துவிட்டால், மற்றவை எளிதாகும்.

இரண்டாவது, எண்ணிக்கையை வரையறுத்தல். எத்தனை பேர் வந்தால் லாபம் என்று கணக்கிடுவதற்கு முன், எத்தனை பேரை இடம் தாங்கும் என்று கணக்கிட வேண்டும். உதாரணமாக, ஒரு குகைத்தளத்தில் ஒரே சமயத்தில் 20 பேர் நிற்கலாம், ஒரு குழுவுக்கு ஒரு மணி நேரம் ஆகும், காலையிலும் மாலையிலுமாக 5 மணி நேரம் திறந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 100 பேருக்கு மேல் விடலாகாது. அதற்கு மேற்பட்டவர் மறுநாள் வருவதே முறை.

மூன்றாவது, காலத்தை வகுத்தல். வேட்டைப் பறவைகள் பெரும்பாலும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். வெளியூரார் விரும்பி வருவதும் ஏறக்குறைய அதே குளிர் மாதங்களில்தான். ஆகையால் அம்மாதங்களில் கூடுள்ள பாறைச் சரிவுகளின் பக்கம் எவரையும் விடாமல், கோயிலையும் கண்மாயையும் மட்டும் காட்டலாம். கதிர் முற்றி அறுவடை நடக்கும் நாட்களில் வயல் வரப்பு வழியை அடைத்து, வேறு பாதையால் அழைத்துச் செல்ல வேண்டும்.

நான்காவது, வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்துதல். நீர்பிடிப்பில் சேராத மேட்டு நிலத்தில் வண்டிகளை நிறுத்தி, அங்கிருந்து நடந்து செல்லச் செய்யலாம். நடப்பவருக்குக் கண் நிதானமாகப் பார்க்கும். ஊரார் கடையிலும் அவர்கள் நிற்பார்கள்.

ஐந்தாவது, வழிகாட்டிகள். ஊரைச் சேர்ந்த இளைஞரும் பெண்டிரும் தொல்லியல் துறையாரிடமும் வனத்துறையாரிடமும் பயிற்சி பெற்று, குழு ஒன்றுக்கு ஒருவராக உடன் செல்ல வேண்டும். வழிகாட்டியில்லாமல் எவரும் குகைத்தளத்தில் ஏறலாகாது. பழஞ்சின்னங்களின் அருகே ஒரு கல் நடுவதாயினும் தொல்லியல் துறையின் அனுமதி அவசியம்.

ஆறாவது, உணவும் சரக்கும். ஊரில் விளைந்த அரிசி, கேழ்வரகு, கம்பு, நிலக்கடலை ஆகியவற்றைக் கொண்டு மாதர் சுய உதவிக் குழுக்கள் கூழும் சாப்பாடும் செய்து வாழையிலையிலோ தொன்னையிலோ வழங்கலாம். தண்ணீரைப் பானையில் வைத்து, பிளாஸ்டிக் பாட்டில்களை ஊர் எல்லையிலேயே தடுத்துவிடலாம். தங்க விரும்புவோருக்குப் புது விடுதி கட்டுவதைவிட, இருக்கும் வீடுகளில் ஓர் அறையைச் சுத்தம் செய்து கொடுப்பது செலவும் தண்ணீரும் குறைந்த வழி.

பணம் எவ்வளவு, யாருக்கு

வழிகாட்டுக் கூலியாக நபருக்கு 30 ரூபாய் வீதம், நாளொன்றுக்கு 100 பேர், வருஷத்தில் 100 நாட்கள் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால், 3 லட்சம் ரூபாய் வரும். இத்தொகை பயிரின் வருமானத்துக்கு ஈடாகாது. ஆக வேண்டுவதும் இல்லை. விவசாயத்தை விட்டுவிட்டு யாத்திரிகரை நம்பும் ஊர், யாத்திரிகர் வராத வருஷத்தில் பட்டினி கிடக்கும். கொள்ளைநோய்க் காலமாகிய 2020-ல் பல ஊர்கள் இதை அனுபவித்தன. ஆயினும் வருஷந்தோறும் அத்தொகையில் பாதி கண்மாய் வரத்துக்காலைத் தூர் வாருவதற்கும், மீதி வழிகாட்டிகளின் கூலிக்கும் குப்பை அகற்றுவதற்கும் என்று ஒதுக்கினால், வெளியூரார் நடந்த ஒவ்வோர் அடியும் ஊர் வயலுக்கு ஒரு சொட்டுத் தண்ணீராக மாறும். வரவு செலவுக் கணக்கைக் கிராம சபையில் வாசித்து, சாவடியிலும் எழுதி ஒட்ட வேண்டும். கணக்கு மறைக்கப்பட்ட பொதுப்பணம் ஊரைப் பிரிக்கும். ஊர் பிரிந்தால் காவலும் போய்விடும்.

விவசாயிகளின் ஐயம்

பாரம்பரியத் தலம் என்று அறிவித்துவிட்டால் ஆடு மாடு மேய்ப்பதும், விறகு பொறுக்குவதும், சாமி கும்பிடுவதும் தடைப்படுமோ என்ற அச்சம் சிலருக்கு உண்டு. இத்தகைய அறிவிப்பினால் உள்ளூராரின் நடைமுறை வழக்கங்களைக் கட்டுப்படுத்தலாகாது, அவர்களே மனமுவந்து ஏற்கும் கட்டுப்பாடுகள் மட்டுமே உண்டு என்பதே தேசியப் பல்லுயிர் அதிகார சபையின் வழிகாட்டு விதிகளின் கருத்து. இதைக் கிராம அதிகாரிகள் ஊராருக்குத் தெளிவாக எடுத்துரைத்தல் வேண்டும். ஐயம் தீராத விவசாயி எந்தத் திட்டத்திற்கும் தோள் கொடுக்கமாட்டார்.

கீழக்குயில்குடி, யானைமலை, கீழவளவு முதலிய இடங்களிலும் குன்றும் கல்வெட்டும் உள்ளன. கீழடியில் 2023-ல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது முதல் அப்பக்கம் செல்வோர் தொகையும் பெருகியிருக்கிறது. இவ்வூர்கள் அனைத்தும் அரிட்டாபட்டியைப் போன்றே தத்தம் தண்ணீரையும் நிலத்தையும் அளந்து, தமக்கேற்ற ஏற்பாட்டை இப்போதே செய்துகொள்வது நலம். அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே வரத்துக்கால்களின் படத்தை முன்வைத்து இப்பேச்சைத் தொடங்கலாம்.

பாதிரிக்குடியாரின் காவலில் விடப்பட்ட திருமேனி ஆயிரம் ஆண்டுகள் கடந்து இன்றும் நிற்கிறது. சுரங்கத்தினின்றும் குன்றைக் காத்தவர்கள் அக்காவலின் வாரிசுகளே. விருந்தினர் வரும் காலத்திலும் அக்காவல் ஊரார் கையிலேயே இருக்குமாயின், குன்றும் நிலைக்கும், கண்மாயும் நிறையும், வயலும் விளையும் என்பது திண்ணம்.